மேலை இசைக் குறியீட்டில் சிறு சுரங்களும் ட்ரில் முடிவும்: தகட்டிலிருந்து கணினி வரை

மேலை இசையில் முதன்மைச் சுரத்துக்கு முன்போ பின்போ, சிறிய உருவில் எழுதப்படும் அலங்காரச் சுரங்களைச் சிறு சுரங்கள் எனலாம். ஆங்கிலத்தில் இவற்றை கிரேஸ் நோட் என்பர். ஒரு சுரமும் அதன் மேல் சுரமும் மாறி மாறி விரைவாக ஒலிப்பது ட்ரில். அந்த ட்ரிலை முடித்து அடுத்த சுரத்துக்கு அழைத்துச் செல்லும் இரண்டு சிறு சுரங்கள் ட்ரில் முடிவு எனப்படும். ஜெர்மானியர் இதை நாக்ஷ்லாக் என்றனர்.

தாளில் இவை மிகச் சிறியவை. ஆனால் இவற்றை எப்படி எழுதுவது, எப்படி வாசிப்பது என்பது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் சிக்கல். இன்று இசைக் குறியீட்டு மென்பொருள்களைப் பயன்படுத்தும் மாணவர்கள் சந்திக்கும் குழப்பங்கள் பலவற்றின் வேர் இந்த வரலாற்றில்தான் உள்ளது.

சிறு சுரத்தின் இரு வகைகள்

சிறு சுரங்களில் இரண்டு வகைகள் அடிக்கடி வரும். முதலாவது அப்போஜியதூரா. சாய்தல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். இது முதன்மைச் சுரத்தின் மீது சாய்ந்து, அதன் நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது அச்சக்கத்தூரா. நசுக்குதல் என்பது இதன் வேர்ப்பொருள். இது மிகக் குறுகியதாக, பட்டென்று ஒலித்து மறையும். இன்றைய அச்சில், தண்டின் குறுக்கே சாய்கோடு உள்ள சிறு சுரம் அச்சக்கத்தூரா. கோடு இல்லாதது அப்போஜியதூரா.

ஆனால் இந்த வேறுபாடு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. மோட்ஸார்ட்டின் கையெழுத்துப் பிரதிகளில் ஒற்றைச் சுரத்தின் தண்டில் வரும் குறுக்குக்கோடு, அது பதினாறில் ஒரு பங்குச் சுரம் என்பதைக் காட்டும் எழுத்துமுறை மட்டுமே. அதே கோட்டுக்கு ‘குறுக்கி வாசி’ என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. பழைய கோட்டைப் புதிய பொருளில் படித்தால் நீண்டு சாய வேண்டிய சுரம் நசுங்கிவிடும்.

பிரான்சின் அணிப் பட்டியல்கள்

அலங்காரங்களுக்குக் குறிகள் வகுப்பதில் பிரெஞ்சு ஹார்ப்சிகார்டு இசைஞர்கள் முன்னோடிகளாக இருந்தனர். ழான் ஆன்ரி தாங்லெபேர் 1689இல் வெளியிட்ட தம் ஹார்ப்சிகார்டு நூலில் 29 அலங்காரக் குறிகளைப் பட்டியலிட்டார். ஒவ்வொரு குறிக்கும் அருகில் அதை வாசிக்கும் முறையை முழுச் சுரங்களாக விரித்து எழுதினார். குறி ஒருபுறம், விரிவு மறுபுறம் என்ற இந்த அமைப்பு பின்னர் பலருக்கும் முன்மாதிரியாயிற்று.

பிரான்சுவா கூப்ரான் 1713இல் தம் முதல் தொகுதியில் இத்தகைய பட்டியலை வெளியிட்டார். 1722இல் வந்த மூன்றாம் தொகுதியின் முன்னுரையில், தாம் குறித்த அலங்காரங்களை வாசிப்போர் பொருட்படுத்துவதில்லை என்று வருந்தினார். கூட்டாமலும் குறைக்காமலும் எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பது அவரது நிலை. அலங்காரம் வாசிப்பவரின் விருப்பத்துக்கு உரியதா, எழுதியவரின் கட்டளையா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

யொஹான் செபாஸ்டியன் பாக் 1720 ஜனவரியில், ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமானுக்காக ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார. அதில் 13 அலங்காரங்களைக் கொண்ட ஒரு விளக்கப் பட்டியல் உண்டு. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அலைக்கோட்டின் இறுதிப் பகுதியில் ஒரு செங்குத்துக் கோடு வரும். ட்ரிலை வாசித்து, முடிவுச் சுரங்களையும் சேர் என்பது அதன் பொருள். அதாவது முடிவைத் தனிச் சுரங்களாக எழுதாமல், குறிக்குள்ளேயே அடக்கிவிட்டார்.

பெர்லின் அரசவையின் விதிகள்

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இவ்விதிகளை விரிவாக எழுதிய இருவர், பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் பணியாற்றியவர்கள். குழல் இசைஞர் யொஹான் யோவாக்கிம் குவான்ஸின் நூல் 1752இல் வந்தது. பாக்கின் மற்றொரு மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கின் விசைப்பலகை நூலின் முதல் பகுதி 1753இல் வந்தது.

அப்போஜியதூராவின் நேரத்துக்கு இவர்கள் கூறும் கணக்கு எளியது. முதன்மைச் சுரம் இரண்டாகப் பிரியக்கூடியதாக இருந்தால் சிறு சுரம் பாதியை எடுத்துக்கொள்ளும். மூன்றாகப் பிரியக்கூடியதாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். நமக்குப் பழக்கமான பெயர்களில் சொன்னால், இரண்டு அட்சரம் நீளும் ‘ச’வுக்கு முன் சிறிய ‘ரி’ இருந்தால், ரி ஓர் அட்சரம், ச ஓர் அட்சரம். அந்த ‘ச’ மூன்று அட்சரம் நீண்டால், ரிக்கு இரண்டு, சவுக்கு ஒன்று. சிறிதாக எழுதப்பட்ட சுரமே நீண்டு ஒலிக்கும்!

ட்ரில் பற்றி குவான்ஸ் கூறுவது மேலும் முக்கியமானது. ட்ரிலின் தொடக்கத்தில் ஒரு அப்போஜியதூராவும், இறுதியில் இரண்டு சிறு சுரங்களும் உண்டு. அந்த இரண்டும் ட்ரிலின் அதே வேகத்தில் ஒலிக்க வேண்டும். தாளில் வெறும் சுரம் மட்டுமே இருந்தாலும் இவை உள்ளன என்றே கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ட்ரில் முழுமை பெறாது. ஆகவே அக்காலப் பிரதிகளில் முடிவு எழுதப்படவில்லை என்பது முடிவு தேவையில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

முடிவு ஏன் தேவை

‘ச’வை ஆதாரமாகக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பகுதி ‘ரி’யின் மீது ட்ரில் செய்து ‘ச’வில் முடிகிறது. வாசிப்பவர் க-ரி-க-ரி என்று மாறி மாறி ஒலிக்கிறார். கடைசியில் ச-ரி என்ற இரு சிறு சுரங்களைத் தொட்டு, நிலையான ‘ச’வில் நிற்கிறார். அந்த ச-ரி தான் ட்ரில் முடிவு. அதுவரை மேலே சுழன்றுகொண்டிருந்த ஒலி ஒருமுறை கீழே தொட்டவுடன், நிறுத்தம் வருகிறது என்று காது உணர்ந்துகொள்கிறது.

கச்சேரி மேடையில் இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. கான்செர்ட்டோ என்னும் இசைவடிவில், ஓரிடத்தில் குழுவினர் அனைவரும் அமைதி காக்க, தனி வாசிப்பாளர் மட்டும் தம் திறமையைக் காட்டுவார். அப்பகுதி கடென்சா எனப்படும். மோட்ஸார்ட் காலத்தில் அது பெரும்பாலும் ஒரு நீண்ட ட்ரிலுடன் முடிந்தது. ட்ரிலும் அதன் முடிவும் கேட்டவுடன் குழுவினர் ஒன்றாக நுழைவர். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும்போது வரும் மோஹராவும் கோர்வையும் மற்றவர்களுக்குத் தரும் அறிவிப்பைப் போன்றது இது.

19ஆம் நூற்றாண்டின் மாற்றம்

ட்ரிலை மேல் சுரத்திலிருந்து தொடங்குவதே பழைய வழக்கம். மோட்ஸார்ட்டிடம் பயின்ற யொஹான் நெப்போமுக் ஹும்மல், 1828இல் வெளியான தம் பியானோ நூலில், முதன்மைச் சுரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாதிட்டார். காலப்போக்கில் இதுவே பெருவழக்காயிற்று. இசையமைப்பாளர்களும் ஊகத்துக்கு இடம் விடாமல், முடிவுச் சுரங்களைச் சிறு எழுத்தில் வெளிப்படையாக எழுதத் தொடங்கினர்.

எனினும் பழைய வழக்கம் முற்றிலும் மறையவில்லை. ஷோப்பன் தம் மாணவர்களின் அச்சுப் பிரதிகள் சிலவற்றில், வலக்கையின் சிறு சுரத்திலிருந்து இடக்கையின் கீழ்ச் சுரத்துக்குக் கோடு இழுத்துக் காட்டியுள்ளார். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும், சிறு சுரம் தாளத்துக்கு முன்னே வரக்கூடாது என்பது அதன் பொருள். அச்சிட்ட குறி போதாதபோது ஆசிரியரின் பென்சில் அதை நிறைவு செய்தது.

தகடும் முத்திரையும்

இசை அச்சில் நெடுங்காலம் ஈயக் கலவைத் தகடுகள் பயன்பட்டன. சுரத்தலை, எண், எழுத்து முதலியவற்றுக்குத் தனித்தனி உருக்கு முத்திரைகள் இருந்தன. அவற்றைத் தகட்டின் மீது வைத்துச் சுத்தியலால் தட்டுவர். தண்டுகளையும் வளைகோடுகளையும் கையால் செதுக்குவர். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். சிறு சுரங்களுக்கெனச் சிறிய முத்திரைகள் இருந்தன. செதுக்குபவருக்குச் சிறு சுரம் என்பது இடம் சார்ந்த சிக்கல் மட்டுமே. அது எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்று தகட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

கணினி வந்தபின் இந்த நிலை மாறியது.

கணினியின் வருகை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீலண்ட் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் ஸ்கோர் என்னும் நிரலை உருவாக்கினார். அதில் சுரங்கள், கால அளவுகள், குறிகள், இணைப்புக்கோடுகள், வளைகோடுகள் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். தாளில் உள்ள ஒவ்வொரு உருவும் எண்களின் வரிசையாகச் சேமிக்கப்பட்டது. தகடு செதுக்குபவரின் பார்வையே இதிலும் தொடர்ந்தது எனலாம்.

1983இல் மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் மிடி என்ற பொதுமுறை வந்தது. மிடிக்கு ஒரு விசை எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன், எப்போது விடப்பட்டது என்பது மட்டுமே தெரியும். ட்ரில், சிறு சுரம் போன்ற கருத்துகள் அதில் இல்லை. 1988இல் ஃபினாலே, 1993இல் சிபெலியஸ் ஆகிய மென்பொருள்கள் வந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் 1996இல் லில்லிபாண்ட் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினர். மியூஸ்கோர் 2002இல் தொடங்கப்பட்டது. ஸ்டெயின்பர்க் நிறுவனத்தின் டோரிகோ 2016இல் வெளியானது.

இவற்றில் எழுதிய இசையைக் கேட்கவும் முடியும். அதனால், செதுக்குபவர் வாசிப்பவரிடம் விட்டுவைத்த கேள்விக்கு மென்பொருளே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

நேரமில்லாத சுரம்

மென்பொருள் ஒவ்வொரு பாரிலும் உள்ள சுரங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும். நான்கு அட்சரப் பாரில் கூட்டுத்தொகை நான்காக இருக்க வேண்டும். சிறு சுரம் இந்தக் கூட்டலில் சேராது; அதன் கணக்கு பூச்சியம். ஆனால் ஒலிக்கும்போது அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை யாரிடமிருந்து எடுப்பது? முந்தைய சுரத்திடமிருந்தா, முதன்மைச் சுரத்திடமிருந்தா?

லில்லிபாண்ட் இதற்காக ஒவ்வொரு தருணத்தையும் இரு பகுதிகளாகக் குறிக்கிறது. ஒன்று முதன்மை நேரம், மற்றொன்று சிறு சுரங்களுக்கான நேரம். இதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. வயலின் வரியில் மட்டும் பாரின் தொடக்கத்தில் சிறு சுரம் இருந்து, மற்ற வரிகளில் இல்லையென்றால், அந்த இடத்தில் வரும் சாவிக்குறி போன்றவை வரிக்கு வரி விலகிப்போகலாம். மற்ற வரிகளிலும் அதே அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெற்றுச் சிறு சுரம் இட்டால் சரியாகும். அதன் மிடி வெளியீட்டில் சிறு சுரம் முந்தைய சுரத்தின் நேரத்திலிருந்து தனக்கான நேரத்தை எடுத்துக்கொள்ளும். குவான்ஸின் விதிப்படி பாதி நேரம் சாய வேண்டிய அப்போஜியதூரா, இங்கே தாளத்துக்கு முன் சட்டென்று ஒலித்துவிடும். இது அந்த மென்பொருளின் பிழை என்று சொல்ல முடியாது. எந்த நூற்றாண்டின் இசை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

முடிவை எழுதும் வழிகள்

ட்ரில் முடிவு இன்னும் நுட்பமான சிக்கல். பெரும்பாலான சிறு சுரங்கள் அடுத்து வரும் சுரத்துடன் ஒட்டியவை. ட்ரில் முடிவோ முந்தைய சுரத்துக்கு உரியது. முழுச் சுரம் ஒன்று பார் முழுவதையும் நிரப்பியிருந்தால், முடிவுச் சுரங்கள் அந்தப் பாரின் இறுதியில், பார் கோட்டுக்கு முன்னால் வர வேண்டும். அடுத்த சுரத்துடன் ஒட்டினால் அவை பார் கோட்டைத் தாண்டி வலப்புறம் போய்விடும்.

லில்லிபாண்டில் இதற்கென ஆஃப்டர்கிரேஸ் என்ற கட்டளை உண்டு. இது முடிவுச் சுரங்களை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், முதன்மைச் சுரத்தின் நேரத்தில் நான்கில் மூன்று பங்கு கடந்த இடத்தில் வைக்கும். நான்கு அட்சரச் சுரமானால் மூன்று அட்சரம் கடந்த இடம். அந்தப் பின்னத்தைத் தேவைப்படி மாற்றலாம். மியூஸ்கோரின் சிறு சுரப் பலகையில், சுரத்துக்கு முன் வருபவை தனியாகவும் பின் வருபவை தனியாகவும் உள்ளன. டோரிகோவில், சிறு சுரம் பார் கோட்டுக்கு முன் வர வேண்டும் என்று ஒரு பண்பாகக் குறிக்கலாம்.

இவ்வசதிகள் இல்லாத இடங்களில் பயனர்கள் சில குறுக்குவழிகளைக் கையாண்டனர். அடுத்த சுரத்துடன் ஒட்டிய சிறு சுரங்களைச் சுட்டியால் இடப்புறம் இழுத்து வைப்பது ஒன்று. ட்ரிலின் எல்லாச் சுரங்களையும் மறைவான இரண்டாம் குரலில் எழுதி ஒலிக்கவிடுவது மற்றொன்று. தாளில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருக்கும் உண்மை வேறு.

கோப்புப் பரிமாற்றமும் இழப்பும்

ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றில் திறக்க உதவும் பொதுவடிவம் மியூசிக்எக்ஸ்எம்எல். மைக்கேல் குட் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 2004இல் வந்தது. சிறு சுரம் முந்தைய சுரத்தின் நேரத்தில் எத்தனை விழுக்காடு எடுக்கும், பின்வரும் சுரத்தில் எத்தனை விழுக்காடு எடுக்கும் என்று தனித்தனியே குறிக்க இதில் இடம் உண்டு. ட்ரில் மேல் சுரத்தில் தொடங்குமா, முதன்மைச் சுரத்திலா, இறுதியில் இரண்டு சுர முடிவு உண்டா என்பதையும் குறிக்கலாம். குவான்ஸ் சொற்களில் சொன்னதில் ஒரு பகுதிக்கேனும் கோப்பில் இடம் கிடைத்தது. ஆயினும் அனுப்பும் மென்பொருள் அதை எழுதவும், பெறும் மென்பொருள் அதைப் படிக்கவும் வேண்டும்.

2013இல் அறிமுகமான எஸ்மஃப்ல் என்னும் இசை எழுத்துருத் தரத்தில் ட்ரில்லின் பழைய வடிவங்கள் பலவும், முடிவு சேர்ந்த வடிவங்களும் இடம்பெற்றன. இதனால் பழைய பிரெஞ்சு, ஜெர்மானியப் பட்டியல்களின் குறிகளைத் திரையில் வரைவது எளிதாயிற்று. ஆனால் வரைய முடிவதாலேயே மென்பொருள் அவற்றைச் சரியாக ஒலிக்கும் என்று கொள்ளக்கூடாது.

2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் விற்பனையையும் மேம்பாட்டையும் நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதில் எழுதியவர்கள் தங்கள் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினர். சுரங்களும் தாளமும் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேரும். சுட்டியால் இழுத்து வைத்த முடிவுகளும் மறைத்து வைத்த குரல்களும் அப்படியல்ல. இடம்மாறிய சிறு சுரம் மீண்டும் பார் கோட்டைத் தாண்டி நிற்கலாம். மறைந்திருந்த சுரங்கள் வெளிப்பட்டுப் பக்கத்தை நிரப்பலாம்.

பார்வையற்ற இசைஞர்களுக்கு இது இன்னும் பெரிய இழப்பு. பிரெய்ல் இசைக்குறியீட்டில் குறுகிய சிறு சுரத்துக்கும் நீண்ட சிறு சுரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. கணினி வழியாகப் பிரெய்லுக்கு மாற்றும்போது, கோப்பில் பொருளாகப் பதிந்தவை மட்டுமே புள்ளிகளாக மாறும். கண்ணுக்காக நகர்த்தி வைத்தது விரலுக்குப் போய்ச் சேராது.

எட்டயபுரத்தின் ஒப்புமை

இதே சிக்கலைத் தமிழகமும் சந்தித்துள்ளது. 1890களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசை உருப்படிகளை ஐந்து கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கில் வெளியிட்டார். ஐந்து கோட்டு முறையை விடுத்து, சுர எழுத்துகளின் மீது கமகக் குறிகளை இடும் வழியை அவர் பின்பற்றினார். கம்பிதத்துக்கு அவர் இட்ட குறி அலைக்கோடு. ட்ரில்லுக்கு ஐரோப்பாவில் இட்டதும் அலைக்கோடுதான். ஆனால் ட்ரில் இரு தனிச் சுரங்களின் மாற்றம். கம்பிதம் ஒரே சுரத்தின் அசைவு. குறி ஒன்றாக இருந்தாலும் ஒலி வேறு. தாங்லெபேரைப் போலவே தீட்சிதரும், குறிகளுக்கு விளக்கம் எழுதிச் சேர்த்தே நூலை வெளியிட்டார்.

எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

மென்பொருளில் பழைய இசையைப் படியெடுக்கும் மாணவர்கள் மூன்றைக் கவனிப்பது நல்லது. முதலாவது, இசை எந்தக் காலத்தது என்று அறிந்து, சிறு சுரத்தில் சாய்கோடு தேவையா என முடிவு செய்வது. இரண்டாவது, ட்ரில் முடிவை அதற்குரிய கட்டளையால் முந்தைய சுரத்துடன் இணைப்பது. சுட்டியால் இழுத்து வைப்பதைத் தவிர்ப்பது. மூன்றாவது, மூலத்தில் இல்லாத முடிவைச் சேர்த்தால் அதை அடைப்புக்குறிக்குள் இட்டு, பதிப்பாசிரியர் சேர்த்தது என்று காட்டுவது.

கணினி ஒலிப்பதைச் சரியான வாசிப்பு என்று கொள்ளாமல், ஒரு சோதனைக் கருவியாகவே கொள்ள வேண்டும். சுரம் தவறா, பார் நிறைந்ததா என்று பார்க்க அது போதும். சிறு சுரம் எவ்வளவு சாய வேண்டும், ட்ரில் எப்படி முடிய வேண்டும் என்பதற்கு அந்தந்தக் காலத்து நூல்களையும் நல்ல வாசிப்புகளையும் நாடுவதே இன்றும் வழி.